வாய்பேசாப் படமும் வாலாட்டும் தோழனும்



பிறரைச் சிரிக்க வைப்பதற்குச் சொல் வேண்டும் என்று நாம் பொதுவாக எண்ணுகிறோம். வில்லுப்பாட்டாயினும் பட்டிமன்றமாயினும் பேச்சுத்தான் அங்கே சிரிப்பைப் பிறப்பிக்கிறது. ஆனால் ஒரு சொல்லும் பேசாமலே உலகத்தாரையெல்லாம் முப்பதாண்டுகளுக்கு மேலாகச் சிரிக்க வைத்த கலையொன்று இருந்தது. அதுவே ஊமைப்படம். அப்படங்களுள்ளும், சிறுவரும் அவர்தம் நாய்களும் சேர்ந்து தோன்றிய நகைச்சுவைக் குறும்படங்களைப் பற்றி இத்திங்கள் சிறிது சிந்திப்போம். பங்குக் குடும்பங்கள் படிக்கும் ஏட்டில் இதற்கென்ன இடம் என்று சிலர் வினவலாம். பிள்ளை இருக்கும் வீடு எதற்கும் இப்பொருளில் பங்குண்டு என்பதே நம் கருத்து. இறுதிவரை படித்தபின் வாசகர் தாமே தீர்ப்புக் கூறுவாராக.

முதல் நாளிலேயே ஒரு சிறுவனும் ஒரு நாயும்

1895ஆம் ஆண்டு டிசம்பர் 28ஆம் நாள், பாரிஸ் நகரத்துக் காப்பிக் கடை ஒன்றின் கீழ்த்தளத்தில், லூமியேர் உடன்பிறப்புகள் கட்டணம் பெற்றுக்கொண்டு பத்துச் சிறு படங்களைக் காட்டினர். ஒவ்வொன்றும் ஒரு நிமிடத்திற்கும் குறைவாகவே ஓடியது. அவற்றுள் ஒன்று, லியோன் நகரத் தொழிற்சாலையிலிருந்து வேலையாட்கள் வெளியேறும் காட்சி. அக்கூட்டத்தினிடையே ஒரு நாயும் துள்ளிக்கொண்டு வருகிறது. அதனை யாரும் அழைத்ததாகத் தெரியவில்லை. ஆட்கள் இருக்கும் இடத்தில் தானும் இருக்க வேண்டும் என்பது நாயின் இயல்பு, அவ்வளவே.

மற்றொரு படத்தில் ஒரு தோட்டக்காரர் ரப்பர்க் குழாயால் செடிகளுக்கு நீர் பாய்ச்சுகிறார். பின்னால் வந்த சிறுவன் குழாயை மிதித்துவிடுகிறான். நீர் நின்றுபோகிறது. அவர் குழாயின் வாயை உற்றுப் பார்க்கையில் அவன் காலை எடுத்துவிட, நீர் அவர் முகத்தில் பீறிட்டு அடிக்கிறது. பிறகு பையன் பிடிபட்டு அடி வாங்குகிறான். கதை இவ்வளவே. திரையில் தோன்றிய முதல் நகைச்சுவை இதுவென்பர். ஆக, திரைக்கலை பிறந்த அன்றே அதன் தொட்டிலருகே ஒரு குறும்புக்காரச் சிறுவனும் ஒரு நாயும் நின்றிருந்தனர் எனலாம். 1896ஆம் ஆண்டு ஜூலை 7ஆம் நாள் இவ்வுடன்பிறப்புகளின் படங்கள் பம்பாயில் வாட்சன் ஓட்டலில் காட்டப்பெற்றன. நம் நாட்டில் சலனப்படம் கால் வைத்தது அன்றுதான்.

திருச்சிராப்பள்ளியில் விழுந்த விதை

நம் காவிரிக் கரைக்கு இக்கலை வந்து சேர்ந்த கதை சுவையானது. கோயம்புத்தூரில் 1883இல் பிறந்த சாமிக்கண்ணு வின்சென்ட் என்னும் கிறிஸ்தவ இளைஞர், தென்னிந்திய ரயில்வேயில், திருச்சிராப்பள்ளி அலுவலகத்தில் பணிபுரிந்து வந்தார். 1905ஆம் ஆண்டில், ஊர் ஊராகப் படம் காட்டி வந்த டுபாண்ட் என்ற பிரெஞ்சுக்காரர் நோயுற்றுத் தம் நாட்டிற்குத் திரும்ப விரும்பினார். அவரிடமிருந்த படக்கருவியையும் படச்சுருள்களையும் வின்சென்ட் விலைக்கு வாங்கினார். அச்சுருள்களுள் நம் ஆண்டவரின் வாழ்க்கையைக் கூறும் படமும் இருந்தது. மாதச் சம்பளத்தை விட்டுவிட்டுக் கூடாரத்தையும் கருவியையும் சுமந்துகொண்டு அவர் புறப்பட்டார். தென்னகத்து ஊர்களைக் கடந்து வடக்கே பெஷாவர் வரையிலும், கடல் கடந்து பர்மா வரையிலும் சென்று படம் காட்டினார் என எழுதியுள்ளனர். பின்னர் 1914இல் கோயம்புத்தூரில் வெரைட்டி ஹால் என்னும் நிலையான அரங்கைக் கட்டினார். 1942இல் மறைந்தார்.

வின்சென்ட் கருவி வாங்கிய அதே 1905ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் செசில் ஹெப்வொர்த் என்பவர் 'ரோவர் மீட்ட குழந்தை' என்று நாம் தமிழில் அழைக்கத்தக்க ஏழு நிமிடக் குறும்படம் ஒன்றை வெளியிட்டார். தூக்கிச் செல்லப்பட்ட கைக்குழந்தையை வீட்டு நாய் மோப்பம் பிடித்துத் தேடிக் கண்டு, ஆற்றை நீந்தி வந்து தலைவனை அழைத்துச் செல்லும் கதை அது. குழந்தையாக நடித்தது அவருடைய சொந்த மகவு. தாயாக நடித்தவர் அவர் மனைவி. நாயும் அவர்கள் வீட்டு நாய்தான். செலவு எட்டுப் பவுனுக்கும் குறைவு. ஏறத்தாழ 400 பிரதிகள் விற்றன. பிரதியெடுத்தெடுத்து மூலச்சுருள் தேய்ந்துபோனமையால் அப்படத்தை முதலிலிருந்து மூன்று முறை எடுக்க வேண்டியதாயிற்று. அதன்பின் இங்கிலாந்தில் நாய்க்கு ரோவர் என்று பெயரிடுவது பெருவழக்காயிற்று என்பர். அப்படத்தில் நகைச்சுவை இல்லை. ஆனால் குழந்தையும் நாயும் ஒரு கதையைத் தாங்க வல்லவர் என்பதை உலகம் அதிலேதான் கண்டுகொண்டது.

கூடாரத்தில் படம் பார்த்த நம் முன்னோர்க்கு ஒரு சிக்கல் இருந்தது. திரையில் இடையிடையே தோன்றிய எழுத்துகள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் இருந்தன. ஆகவே உரத்த குரலுடைய ஒருவர் திரையருகே நின்று கதையைத் தமிழில் விளக்குவார். ஆனால் சிரிப்புப் படத்திற்கு அவர் தேவைப்படவில்லை. நாய் ஒன்று போலீஸ்காரரின் கால்சட்டையைக் கவ்வி இழுத்தால் அதற்கு உரை எழுத வேண்டியதில்லை அன்றோ? 1927இல் அரசு அமைத்த திரைப்பட விசாரணைக் குழு, சென்னை வழக்கறிஞர் திவான் பகதூர் டி. ரங்காச்சாரியார் தலைமையில் நாடெங்கும் சுற்றி ஆராய்ந்து, அடுத்த ஆண்டு அறிக்கை தந்தது. அந்நாளில் இந்தியாவில் ஓடிய படங்களில் மிகப் பெரும் பகுதி வெளிநாட்டுப் படங்களே. அவற்றிலும் அமெரிக்கப் படங்களே மிகுதி என்று அக்குழு கண்டது. ஆகவே அமெரிக்கச் சிறுவரின் குறும்பு தமிழகத்துக் கொட்டகைகளுக்கும் வந்து சேர்ந்ததில் வியப்பில்லை.

சிரிக்க வைத்த வகை

இத்தகைய படங்களுள் பெரும்புகழ் பெற்றது, 'நம் கூட்டாளிகள்' என்று பொருள்படும் 'அவர் கேங்' வரிசை. ஹால் ரோச் என்பவர் 1922இல் தொடங்கிய இவ்வரிசையில் 1944 வரை 220 குறும்படங்கள் வெளிவந்தன. அது பிறந்த கதையை ரோச் தாமே கூறியுள்ளார். ஒரு நாள், முகத்தில் மாவு பூசி, மனப்பாடம் செய்த நடிப்பை ஒப்பித்த சிறுமி ஒருத்தியைப் பார்த்துச் சலித்துப்போய் அவர் சன்னலருகே வந்து நின்றார். எதிரே மரக்கிடங்கில் சில சிறுவர் மரத்துண்டுகளுக்காகச் சண்டையிட்டுக் கொண்டிருந்தனர். சின்னப் பையன் பெரிய கட்டையை வைத்திருந்தான். பெரிய பையனுக்கு அது வேண்டும். நேரம் போவதே தெரியாமல் ரோச் அதனைப் பார்த்துக்கொண்டு நின்றார். ஒப்பித்த நடிப்பைவிட ஒன்றும் அறியாத விளையாட்டே இனிது என்னும் உண்மை அவருக்கு அப்போது புலப்பட்டது.

இயக்குநர் ராபர்ட் மக்கவன், எழுதப் படிக்கத் தெரியாத அச்சிறுவர்க்குக் காட்சியை அப்போதைக்கப்போது விளக்கிச் சொல்லி, அவர்கள் போக்கிலே விட்டுப் படமாக்கினார். இங்கே ஓர் உண்மையை வாசகர் நினைவிற்கொள்ள வேண்டும். திரையில் ஒலி இல்லையாகையால் படப்பிடிப்பில் ஒலிக்குத் தடையும் இல்லை. "இப்போது ஓடு, இப்போது அழு" என்று இயக்குநர் குழல்வைத்துக் கத்தலாம். நாயைப் பழக்கியவர் ஓரத்தில் நின்று இறைச்சித் துண்டைக் காட்டி "உட்கார், குரை" என்று உரக்க ஆணையிடலாம். நாய் தன் சிறு தலைவனை அன்போடு நோக்குவதாக நாம் எண்ணி மகிழும் இடத்தில், பல வேளைகளில் அது நோக்குவது பழக்கியவரின் கையைத்தான்! பேசும் படம் வந்தபின் இவ்வாணைகளெல்லாம் சைகையாக மாற வேண்டியதாயிற்று.

அவ்வரிசையில் கண்ணைச் சுற்றி வட்டம் கொண்ட நாய் ஒன்று உண்டு. பீட் என்பது அதன் திரைப்பெயர். முதலில் நடித்த நாயின் உண்மைப் பெயர் பால். அதற்கு முன்பு அது 'பஸ்டர் பிரவுன்' என்னும் மற்றொரு சிறுவர் படவரிசையிலும் நடித்திருந்தது. இயற்கையில் அரைகுறையாக இருந்த வட்டத்தைச் சாயத்தால் முழுமையாக்கினர் என்பர். 1930இல் அந்நாய் யாராலோ நஞ்சிடப்பட்டு இறந்ததாகக் கூறுவர். அதன் குட்டி அவ்விடத்திற்கு வந்தது. கூர்ந்து பார்ப்போர், வட்டம் ஒரு கண்ணிலிருந்து மற்றக் கண்ணிற்கு மாறியிருப்பதைக் கண்டுகொள்ளலாம்.

இவ்வரிசையில் மெச்சத்தக்க மற்றொன்றும் உண்டு. வெள்ளையரும் கறுப்பரும் ஒரே பள்ளியில் படிக்க இயலாத மாநிலங்கள் அமெரிக்காவில் பல இருந்த நாளில், இப்படங்களில் வெள்ளைச் சிறுவரும் கறுப்புச் சிறுவரும் ஒரே குழுவாகத் திரிந்தனர். ஒரே வண்டியில் ஏறினர். ஒரே நாயைக் கொஞ்சினர். கறுப்பினக் குழந்தையை நகைப்புக்குரியதாகக் காட்டிய காட்சிகளும் அவற்றில் உள்ளன. இன்று பார்ப்போர் அவ்விடங்களில் முகம் சுளிப்பர். எனினும் விளையாட்டிற்குள் வந்துவிட்டால் பிள்ளைகளுக்கு நிறம் தெரிவதில்லை என்பதை அப்படங்கள் காட்டிவிட்டன. நம் ஊர்களிலும் இதனைக் காணலாம். ஊர்த்தெருவில் காலையில் பழையது தின்ற நாய், மாலையில் காலனித் தெருவில் கருவாட்டுத் தலைக்கு வாலாட்டி நிற்கும். அதற்குப் பின்னாலேயே ஓடும் சிறுவனைத் தெருமுனையில் தடுத்து நிறுத்துவோர் பெரியவர்களே.

நம் மண்ணிலும் இக்கருத்தைத் திரைக்குக் கொணர்ந்த ஒருவர் உண்டு. பாபநாசத்தில் 1904இல் பிறந்த கே. சுப்பிரமணியம், ராஜா சாண்டோவின் ஊமைப்படங்களுக்குக் கதை எழுதித் திரைத்துறையில் நுழைந்தவர். அவர் 1937இல் எடுத்த 'பாலயோகினி' பேசும் படமே. எனினும் ஊமைப்பட நாளில் உலகம் கற்ற பாடத்தை, அதாவது குழந்தையின் கண்ணால் பெரியவர்களைப் பார்க்கும் பாடத்தை, அது தமிழில் நடத்திக் காட்டியது. ஆதரவிழந்து வந்தவர்க்குச் சாதியிற் குறைந்தவராகக் கருதப்பட்ட வேலைக்காரரின் வீடே புகலிடம் ஆகிறது. சிறுமி ஒருத்தி பெரியவர்களைக் கேள்வி கேட்கிறாள். அச்சிறுமியாக நடித்தவர் சுப்பிரமணியத்தின் உடன்பிறந்தார் மகளான பேபி சரோஜா. அக்காலத்தில் பிறந்த பெண்மக்கள் பலருக்குச் சரோஜா என்று பெயர் வைத்ததற்கு அப்படமே காரணம் என்று முதியோர் சொல்வர். மூன்றே படங்களில் நடித்துவிட்டு அவர் திரையை விட்டு விலகினார். நிறைவாழ்வு வாழ்ந்து 2019இல் மறைந்தார். எல்லாக் குழந்தை நட்சத்திரங்களுக்கும் இப்பேறு வாய்க்கவில்லை. அதனையே இனிக் கூறப் புகுகிறோம்.

சிரிப்பின் விலை

1920ஆம் ஆண்டளவில், இரண்டு வயது நிரம்பாத பெண் குழந்தையொன்று தாயுடன் ஹாலிவுட்டில் செஞ்சுரி என்னும் படக்கூடத்திற்குச் சென்றது. அங்கே பிரவுனி என்று புகழ்பெற்ற நாய் ஒன்று இருந்தது. அதனோடு நடிக்க ஒரு குழந்தை தேவைப்பட்டது. இக்குழந்தையின் அழகைவிட அதன் கீழ்ப்படிதலே இயக்குநரைக் கவர்ந்தது. சொன்ன இடத்தில் அசையாமல் உட்கார்ந்திருந்தது. எழு என்றால் எழுந்தது. குதிரை வீரராகவும் திரைப்பட ஆபத்துக் காட்சி நடிகராகவும் இருந்த தந்தை அதனை அவ்வாறு பழக்கியிருந்தார். நாயைத் தேர்ந்தெடுத்த அதே அளவுகோலால் குழந்தையும் தேர்ந்தெடுக்கப்பட்டது!

இருவரும் சேர்ந்து நடித்த 'விளையாட்டுத் தோழர்' என்னும் பொருளுடைய குறும்படம் 1921இல் வெளிவந்தது. பேபி பெக்கி என்ற பெயர் உலகெங்கும் பரவியது. மூன்றாண்டுகளில் ஏறத்தாழ 150 குறும்படங்களில் அக்குழந்தை நடித்தது. நாளைக்கு எட்டு மணி நேரம், வாரத்திற்கு ஆறு நாள் வேலை. நீருக்குள் மூச்சடங்கும்வரை அமிழ்த்திப் பிடித்ததும், தீப்பற்றிய அறையிலிருந்து தானே தப்பி வரச் செய்ததும் அவர் வளர்ந்தபின் தம் நூலில் எழுதிய நிகழ்ச்சிகள். பள்ளியில்லை, ஓடி விளையாட ஒத்த வயதுத் தோழரில்லை. பிறர் விளையாடுவதாகக் கண்ட அந்நேரமெல்லாம் அக்குழந்தைக்கு வேலை நேரம். ஏழு வயதாவதற்குள் தந்தைக்கும் படமுதலாளிக்கும் ஏற்பட்ட பூசலால் திரைவாழ்வு முடிந்தது. ஈட்டிய பெரும் பொருள் வீட்டிலும் காரிலும் ஆடம்பரத்திலும் கரைந்துபோயிற்று. பதின்வயதில் அவர் கூட்டத்தில் ஒருவராக நிற்கும் துணைநடிகையாக அதே படக்கூடங்களுக்குத் திரும்பினார்.

அவருடைய படங்களும் பெரும்பாலும் அழிந்தன. ஆனால் அவர் அழியவில்லை. நடுவயதை எட்டுமுன் கத்தோலிக்கத் திருமறையைத் தழுவி, உறுதிபூசுதலின்போது ஹூனிப்பெரோ செர்ரா அடிகளாரின் பெயரை ஏற்றார். டயானா செர்ரா கேரி என்ற பெயரில் எழுத்தாளராகி, குழந்தை நடிகரின் வரலாற்றை ஆராய்ந்து நூல்கள் எழுதினார். அவர்தம் உரிமைக்காகக் குரல் கொடுத்தார். 2020ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில், 101ஆம் வயதில் இறைவனடி சேர்ந்தார். நாய்க்குட்டியோடு விளையாடித் தொடங்கிய அந்நெடிய வாழ்வு நமக்கு ஓர் எச்சரிக்கையாகவும் ஓர் ஆறுதலாகவும் நிற்கிறது.

இவருக்குத் துணையாக மற்றொருவரையும் கூறலாம். சார்லி சாப்ளின் 1918இல் தெருநாய் ஒன்றோடு நடித்த 'நாயின் வாழ்வு' எனும் படத்தை வாசகருட் சிலர் அறிந்திருக்கலாம். பசித்த மனிதனும் பசித்த நாயும் ஒருவரையொருவர் தாங்கிக்கொள்ளும் கதை அது. அதன்பின் 1921இல் நாயின் இடத்தில் ஒரு சிறுவனை வைத்து அவர் 'தி கிட்' எடுத்தார் எனலாம். அதில் நடித்த ஜாக்கி கூகன் முப்பது இலட்சம் டாலருக்கு மேல் ஈட்டினான். 21 வயதானபோது அப்பணத்தில் தனக்கு ஒன்றுமில்லை என்று கண்டான். தாயின் மீதும் மாற்றாந்தந்தையின் மீதும் 1938இல் வழக்குத் தொடுத்து, முடிவில் 1,26,000 டாலர் மட்டுமே பெற்றான். குழந்தையின் ஊதியம் முழுவதும் பெற்றோருக்கே உரியது என்பதே அந்நாளைய சட்டம். நாடெங்கும் எழுந்த சினத்தால் 1939இல் கலிபோர்னியா மாநிலம் புதுச்சட்டம் இயற்றியது. அது இன்றும் கூகன் சட்டம் என்றே அழைக்கப்படுகிறது. 2000ஆம் ஆண்டு முதல் ஊதியத்தில் 15 விழுக்காட்டைக் குழந்தையின் பெயரில் ஒதுக்கியே ஆகவேண்டும் என்று அது மேலும் இறுக்கப்பட்டது.

நம் வயற்புறத்தாருக்கு இதனை விளக்க நீண்ட உரை வேண்டியதில்லை. எத்தனை பஞ்சம் வந்தாலும் விதைநெல்லில் கை வைக்கலாகாது என்பது தஞ்சைத் தரணியின் பழமொழியில்லாத வேதம். குதிரில் வேறு நெல் இல்லாமற் போனாலும், வரும் குறுவைக்கென்று கோட்டை கட்டிய விதையைக் குத்தித் தின்பவனை ஊர் மதிக்காது. குழந்தையின் இளமைப் பருவமும் விதைநெல்லே. அதைக் குத்திச் சோறாக்கியவர்களின் கதையே பெக்கியின் பெற்றோர் கதையும் கூகனின் பெற்றோர் கதையும்.

சட்டம் சொல்வது

நம் நாட்டிலும் சட்டம் உண்டு. 1986ஆம் ஆண்டின் குழந்தைத் தொழிலாளர் சட்டம் 2016இல் திருத்தப்பட்டபோது, திரைப்படம், தொலைக்காட்சி முதலியவற்றில் குழந்தைகள் கலைஞராகப் பங்கேற்க விலக்கு அளிக்கப்பட்டது. 2017இல் வந்த விதிகள் அதற்கு வேலி கட்டின. மாவட்ட ஆட்சியரின் இசைவு பெற்றாக வேண்டும். நாளொன்றுக்கு ஐந்து மணி நேரத்திற்கு மேல் வேலை கூடாது; ஓய்வின்றித் தொடர்ந்து மூன்று மணி நேரத்திற்கு மேல் கூடாது. தொடர்ச்சியாக 27 நாளுக்கு மேல் வேலை வாங்கலாகாது. ஊதியத்தில் குறைந்தது 20 விழுக்காடு குழந்தையின் பெயரில் தேசிய மயமாக்கப்பட்ட வங்கியில் வைப்பாகச் செல்ல வேண்டும். இவையனைத்திலும் உயர்ந்ததாக நாம் கருதும் விதி ஒன்றுண்டு: குழந்தையின் விருப்பத்திற்கும் இசைவுக்கும் மாறாக அதனைப் பங்கேற்கச் செய்யலாகாது.

நாய்க்கும் சட்டத்தில் இடமுண்டு. 1960ஆம் ஆண்டின் பிராணி வதைத் தடுப்புச் சட்டமும், அதன்கீழ் 2001இல் வந்த விதிகளும், படத்தில் விலங்குகளை நடிக்க வைப்போர் விலங்கு நல வாரியத்தில் பதிவு பெற வேண்டும் என்கின்றன. 2022இல் வெளிவந்த 'ஓ மை டாக்' என்னும் தமிழ்ப் படத்தை நம் பிள்ளைகள் பலர் பார்த்திருப்பர். பார்வையற்ற நாய்க்குட்டியை எடுத்து வளர்க்கும் சிறுவனின் கதை. பட்டுக்கோட்டை வட்டாரத்து நாட்டுச்சாலையில் பிறந்த விஜயகுமார், அவர் மகன் அருண் விஜய், பேரன் அர்ணவ் என மூன்று தலைமுறையினர் அதில் சேர்ந்து நடித்தனர். நூறாண்டுக்கு முன்பு ஊமைப்படம் கண்டறிந்த அதே கருப்பொருள் இன்றும் வாடாமல் இருப்பதற்கு அது சான்று.

இன்றைய படக்கூடம் எது?

படக்கூடங்களுக்குச் சட்டம் வந்துவிட்டது, நல்லதே. ஆயின் இன்று படக்கூடம் ஹாலிவுட்டிலும் இல்லை, கோடம்பாக்கத்திலும் இல்லை. அது நம் சட்டைப் பையிலும் முந்தானை முடிச்சிலும் இருக்கிறது. கைப்பேசியைத் திறந்தால் குழந்தையும் நாய்க்குட்டியும் விளையாடும் சிறு காட்சிகள் ஓயாமல் வருகின்றன. அவற்றுட் பல உண்மையிலேயே இனியவை. பணியின் சோர்வில் அவற்றைக் கண்டு நாமும் வாய்விட்டுச் சிரித்ததுண்டு. ஊமைப்படத்தின் மறுபிறவி அவை எனினும் பொருந்தும். மொழி தெரியாத நாட்டாரும் அவற்றைப் பார்த்து மகிழ்கின்றனர்.

நாம் அறிந்த ஒரு வீட்டில் நடந்ததைக் கூறுவோம். நான்கு வயது மகள், தெருவிலிருந்து தூக்கி வந்த நாய்க்குட்டிக்குத் தன் தட்டிலிருந்து இட்டிலி ஊட்டினாள். தந்தை அதனைத் தற்செயலாகப் படம் பிடித்து அனுப்பினார். பல்லாயிரம் பேர் பார்த்தனர். மறுவாரம் அதுபோல மற்றொன்று வேண்டும் என்று பலர் கேட்டனர். அவரும் எடுத்தார். பின்னர் நாள்தோறும் மாலையில், பள்ளிவிட்டு வந்த பிள்ளையை முகம் கழுவிப் பொட்டிட்டு உட்கார வைப்பது வழக்கமாயிற்று. ஒரு மாலை, நான்காம் முறையாக ஊட்டச் சொன்னபோது அக்குழந்தை தந்தையை நிமிர்ந்து பார்த்து, "அப்பா, மணிக்குத் தூக்கம் வருது, நாளைக்கு வச்சுக்கலாமா?" என்று கேட்டது. தனக்குத் தூக்கம் வருகிறது என்று சொல்ல அதற்குத் துணிவில்லை. நாயின் பெயரால் விண்ணப்பித்துக்கொண்டது. அத்தந்தை நல்லவர். கைப்பேசியைச் சட்டைப் பையில் வைத்துவிட்டு, மகளை ஒரு தோளிலும் குட்டியை ஒரு கையிலுமாகத் தூக்கிக்கொண்டு உள்ளே போனார். இதனை அவர் மனைவியே நம்மிடம் கூறினார்.

சட்டம் அவ்வீட்டுத் திண்ணைவரை வராது. ஐந்து மணி நேரம் என்று கணக்கிட அங்கே அதிகாரி இல்லை. குழந்தையின் விருப்பத்திற்கு மாறாகச் செய்யலாகாது என்னும் விதியை அங்கே காக்க வேண்டியவர் தந்தையும் தாயுமே. வேண்டாம் என்று சொல்லக் குழந்தைக்குத் தெரியாது. சொன்னால் அப்பா வருந்துவார் என்று மட்டும் தெரியும். ஆகவே அதன் முகத்தைப் படிக்கும் கடமை பெற்றோருக்கு உண்டு. எழுத்தின்றி முகத்தைக் கொண்டே கதை அறியும் திறத்தைக் கூடாரத்தில் அமர்ந்து ஊமைப்படம் பார்த்த நம் பாட்டனார் பெற்றிருந்தனர். வீட்டிற்குள் நமக்கு அத்திறம் வேண்டாவோ?

செய்யத்தக்கன சில

குழந்தையையும் நாயையும் படம் பிடிப்பது குற்றமென்று நாம் கூறவில்லை. நிகழ்ந்ததைப் பிடிப்பது வேறு. பிடிப்பதற்காக நிகழ்த்துவது வேறு. முதலதில் மகிழ்ச்சி குழந்தையுடையது. இரண்டாவதில் அது பார்ப்போருடையது. மறுமுறை செய் என்று சொல்ல நேர்ந்தால் அங்கேயே நிறுத்திவிடுக. எடுத்த படத்தைத் தாத்தா பாட்டிக்கும் அத்தை மாமனுக்கும் காட்டுக. ஊர் பேர் அறியாதார்க்கு அனுப்புமுன், இருபது வயதில் இதைக் கண்டு இப்பிள்ளை மகிழுமா என்று ஒருமுறை எண்ணுக. அதனால் பணம் வருமாயின், ஒரு காசும் குறையாமல் பிள்ளையின் பெயரில் அஞ்சலகத்திலோ வங்கியிலோ சேர்த்துவிடுக. அது விதைநெல்.

மற்றொன்று. விடுமுறை மாலை ஒன்றில், குடும்ப செபம் முடிந்தபின், இப்பழைய படங்களில் ஒன்றிரண்டைப் பிள்ளைகளோடு அமர்ந்து பாருங்கள். உரிமைக்காலம் முடிந்த படங்களாகையால் சாப்ளினின் 'நாயின் வாழ்வு' போன்றவை எளிதிற் கிடைக்கும். முழுவதும் பார்க்க ஒரு மணி நேரம்கூட வேண்டா. அடிதடியும் வசையும் இரட்டைப் பொருட்பேச்சும் இன்றி எவ்வாறு சிரிக்கலாம் என்பதைப் பிள்ளைகள் கண்டுகொள்வர். நடித்த குழந்தைகளின் கதையையும் பெரிய பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். சிரிப்பு அதனாற் குறைந்துவிடாது. சிரிக்க வைத்தவர்பால் அன்பு கூடும்.

மறைநூலில் தோபியா என்னும் இளைஞன் தந்தையின் பணத்தை வாங்கிவரத் தொலைநாட்டிற்குப் புறப்பட்டபோது அவனோடு வானதூதர் ஒருவர் சென்றார். வீட்டு நாயும் சென்றது. வானதூதர் வழி காட்டினார். மீனைப் பிடிக்கச் சொன்னார். மணம் முடித்து வைத்தார். தந்தையின் கண்ணுக்கு மருந்தும் சொன்னார். நாய் என்ன செய்தது என்று நூல் ஒன்றும் கூறவில்லை. போகும்போது உடன் சென்றது, திரும்பும்போதும் பின்னாலேயே வந்தது, அவ்வளவுதான். அதனிடம் யாரும் வேறொன்றும் கேட்கவுமில்லை. நம் வீட்டு நாயும் நம் பிள்ளையும் அவ்வாறே, யாருக்காகவும் எதையும் செய்து காட்டாமல், களத்துமேட்டிலும் வாய்க்கால் வரப்பிலும் சில காலமேனும் சேர்ந்து திரியட்டும். அறுவடை முடிந்த வயலில் எலி வளையைத் தோண்டிக்கொண்டு முகமெல்லாம் சேறாக அவ்விருவரும் மாலையில் வீடு வந்து சேரும்போது, கைப்பேசியைத் தேடாமல் ஒரு குடம் தண்ணீரை எடுத்து வையுங்கள்.